டிசம்பரில் டர்பன்: தத்தெடுக்க வருகிறோம், பாட்டியையும் க்ரூகரையும் சேர்த்துக்கொள்ளலாமா?

எஸ்பூ_கயல் எழுதியது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் இருக்கிறவர்கள், முக்கியமாக டர்பன் பக்கம் இருக்கிறவர்கள், கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நாங்கள் பின்லாந்தில் எஸ்பூவில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் பின்லாந்துக் குடியுரிமை. மகளுக்கு எட்டு வயது. இரண்டாவது குழந்தையைத் தத்தெடுக்க ஆலோசனைக் கூட்டம், வீட்டு ஆய்வு, வாரிய அனுமதி எல்லாம் தாண்டி, கடைசியில் அந்த போன் வந்துவிட்டது. டர்பனில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளரும் பையன், இரண்டரை வயது. டிசம்பர் முதல் வாரம் வாருங்கள், ஆறேழு வாரம் தங்குகிற மாதிரி வாருங்கள் என்கிறார்கள். அதாவது கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எல்லாமே அங்கேதான்.

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் வீட்டில் ஆளுக்கொரு திட்டம். கணவர் எக்செல் ஷீட்டே போட்டுவிட்டார். க்ரூகர் வனவிலங்குப் பூங்கா நாலு நாள், கேப் டவுன் அஞ்சு நாள். "இவ்வளவு தூரம் போறோம், வீட்டுக்குள்ளயேவா உட்காரணும்?" என்கிறார். மாமியார் மதுரையிலிருந்து நேரே டர்பன் வந்து பேரனை முதல் நாளே மடியில் வாங்க வேண்டுமாம். அங்கே முருகன் கோயில் இருக்கிறதாமே, மொட்டை போட்டுப் பெயர் வைத்துவிடலாம் என்று நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஜோகன்னஸ்பர்கில் இருக்கும் நாத்தனார் குடும்பமும் லீவுக்கு எங்களோடு வந்து தங்கப் பார்க்கிறது.

எனக்கு வேறு கவலைகள். டிசம்பரில் ஆபீஸ்கள் மூடிவிடும் என்கிறார்களே, உண்மையா? பையனுக்கு ஜூலு மட்டும்தான் தெரியும், என்ன பேசுவது, என்ன ஊட்டுவது? மகள் அத்தனை வாரம் என்ன செய்வாள்? மருத்துவக் குறிப்பில் சில சுருக்க எழுத்துகள் இருக்கின்றன, கூகுளில் தேடித் தேடித் தூக்கம் போனதுதான் மிச்சம்.

---

வெஸ்ட்வில்_தெய்வானை எழுதியது:

கயல், முதலில் வாழ்த்து. அடுத்து ஒரு விஷயம். பையனின் பெயரையும் இல்லத்தின் பெயரையும் போட்டிருந்தீர்கள், மாடரேட்டரிடம் சொல்லி எடுக்க வைத்துவிட்டேன், கோபிக்காதீர்கள். இங்கே குழந்தைகள் நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கில், குழந்தை யாரென்று தெரியும்படி எதையும் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்திலேயே அது இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப் வெளியிடுவதில் சேராது என்று நினைக்க வேண்டாம். அங்கே போட்ட போட்டோ மதுரை முழுக்கப் போய்விடும்.

நான் காரைக்குடிக்காரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து டர்பன்தான். வெஸ்ட்வில்லில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிரானி ஃபிளாட், அதாவது தனியாக ஒரு சின்ன வீடு, இருக்கிறது. தத்தெடுக்க வரும் வெளிநாட்டுக் குடும்பங்கள் ஒருவர் சொல்லி ஒருவர் அதில் தங்குவது வழக்கமாகிவிட்டது. நான் சமூகப் பணியாளரும் இல்லை, வக்கீலும் இல்லை. என் அடுப்படி ஜன்னலிலிருந்து அவர்கள் தாழ்வாரம் தெரியும், அவ்வளவுதான் என் படிப்பு.

க்ரூகர் வேண்டாம். அந்தப் பக்கம் மலேரியா உண்டு, மழைக்காலமான இந்த மாதங்களில்தான் அதிகம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை அங்கே கூட்டிப் போகாதீர்கள் என்றுதான் இங்குள்ள டாக்டர்களும் சொல்வார்கள். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், உடனே ஒத்துக்கொள்வார், ஆண்களுக்கு மருத்துவக் காரணம் பிடிக்கும். நிஜக் காரணம் வேறு. அந்தப் பையன் பிறந்ததிலிருந்து பார்த்த கட்டில், தட்டு, சோப்பு வாசனை, ஆயாக்கள், பக்கத்துக் கட்டில் பிள்ளை எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வருகிறான். அவனுக்கு வாரத்துக்கு ஒரு படுக்கை மாற்றினால் எது வீடு என்று எப்படித் தெரியும்? ஒரு குடும்பம் குழந்தையை வாங்கிய கையோடு கேப் டவுன் கிளம்பியது. திரும்பி வந்தபோது அது சூட்கேஸைக் கண்டாலே அலறியது. இன்னொரு குடும்பம் ஊருக்கே போரடிக்கும்படி இருந்தார்கள். தினமும் காலையில் அதே நேரத்துக்கு மிட்செல் பார்க், அதே ஊஞ்சல், அதே ஆமைகள், பத்தரைக்கு வீடு, சாப்பாடு, தூக்கம். அப்பாக்காரர் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, எனக்கே பைத்தியம் பிடிக்குது" என்றார். ஆனால் அந்தப் பயல் சீக்கிரமே செருப்பை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டான். அடுத்து என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகத்தான் இந்த ஆறேழு வாரம். தீர்ப்பு வருவதற்கு முன் ஊரை விட்டு எங்கே கூட்டிப் போவதானாலும் உங்கள் சமூகப் பணியாளரைக் கேட்காமல் போகாதீர்கள்.

ஆபீஸ் விஷயம் உண்மை. டிசம்பர் 16 இங்கே அரசு விடுமுறை. அன்றைக்கு ஆரம்பித்தால் ஜனவரி முதல் வாரம் தாண்டும் வரை நாடே பாதி உறக்கம். 25, 26, ஜனவரி 1 எல்லாம் விடுமுறை. நடுவில் ஆபீஸ் திறந்திருக்கும், ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் லீவில் இருப்பார். நீதிமன்றத் தேதி 16க்கு முன்னால் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்தாலும் அதோடு முடியாது. பிரிட்டோரியாவில் தத்துப் பதிவு, நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தப்படி ஒரு சான்றிதழ், புதுப் பிறப்புச் சான்றிதழ், பிறகு பாஸ்போர்ட் என்று வரிசை இருக்கிறது. பாஸ்போர்ட் வராமல் பையனோடு விமானம் ஏற முடியாது. அதனால் தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட் வாங்கவே வாங்காதீர்கள். வேலைக்கும் பொங்கலுக்கு மறுநாள் வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

தங்கும் இடத்தை உடனே பிடியுங்கள். டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா ஜனம் மொத்தமும் எங்கள் கடற்கரைக்கு இறங்கும். வாடகை ஏறும். வெஸ்ட்வில், கிளென்வுட், மார்னிங்சைட் எதுவானாலும் சரி, மூன்று விஷயம் கேளுங்கள். ஜோஜோ டேங்க் என்கிற தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா (தண்ணீர் நின்றுபோவது இங்கே சகஜம்), கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா, நீச்சல் குளத்துக்கு வலையோ பூட்டுள்ள வேலியோ இருக்கிறதா. மூன்றாவது இல்லையென்றால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சாப்பாடு. இல்லத்தில் என்ன கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள், பிராண்ட் பெயர் உட்பட. பெரும்பாலும் காலையில் மக்காச்சோளக் கஞ்சியோ மால்டபெல்லாவோ இருக்கும். மால்டபெல்லா சிவப்புச் சோளக் கஞ்சி, நம் கூழ் குடித்தவர்களுக்குப் பழகிய ருசி. மதியம் சோறு அல்லது உபுத்து, கூட சுகர் பீன்ஸ், முட்டைக்கோஸ், கோழி. உபுத்து என்பது உதிர் உதிராகக் கிளறிய மக்காச்சோளக் களி. அதில் அமாசி என்ற புளித்த பாலை ஊற்றிப் பிசைந்தால் அது ஜூலுப் பிள்ளைகளின் தயிர்சாதம். எல்லாக் கடையிலும் அமாசி பாக்கெட் கிடைக்கும். முதல் சில வாரம் இதையே கொடுங்கள். இட்லி எங்கும் ஓடிவிடாது. சில பிள்ளைகள் தட்டு காலியானாலும் கேட்டுக்கொண்டே இருக்கும், ரொட்டித் துண்டைக் கையில் பிடித்தபடியே தூங்கும். திட்டாதீர்கள், பிடுங்காதீர்கள்.

தூங்க வைக்க ஒரு வழி சொல்கிறேன், இதுவரை எனக்குத் தெரிந்து தோற்றதில்லை. இங்கே குழந்தையை முதுகில் ஏற்றி, பெரிய துண்டால் இறுக்கிக் கட்டி வேலை பார்ப்பார்கள். இல்லத்து ஆயாக்களும் அப்படித்தான். எங்கள் ஃபிளாட்டில் ஒரு சின்னப் பெண் இரவெல்லாம் கத்தி, அவள் அம்மாவும் சேர்ந்து அழுதுகொண்டிருந்தபோது, என் வீட்டில் வேலை செய்யும் சிபோங்கிலே போய் அந்த அம்மாவைக் குனியச் சொல்லி, முதுகில் பிள்ளையைப் போட்டு, துண்டைச் சுற்றி மார்புக்கு மேல் செருகிவிட்டாள். தாழ்வாரத்தில் நாலு தடவை நடந்திருப்பார். சத்தம் நின்றது. இல்லத்துக்குப் போகும் முதல் நாளிலேயே அங்குள்ள அம்மாக்களிடம் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரும்தான். பேச்சுக்கு நாலு வார்த்தை போதும். வோஸா என்றால் வா, அமான்ஸி தண்ணீர், லாலா தூங்கு. மிச்சத்தைத் தமிழில் பேசுங்கள், பிள்ளைகள் குரலைத்தான் கேட்கின்றன.

மகளுக்கு: பின்லாந்துக் குளிர்கால நேரமும் எங்கள் நேரமும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தோடு வீடியோவில் பேசுவது சுலபம். தினமும் ஒரு மணி நேரம் அம்மாவோ அப்பாவோ அவளோடு மட்டும் வெளியே போங்கள். கடலில் குளிக்கட்டும், உஷாகா கடல் பூங்காவில் டால்பின் பார்க்கட்டும். லீவு என்று ஒன்று இருந்தால் அது அவளுக்கு.

மொட்டை வேண்டாம். கோயில் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். ஆனால் முன்பின் தெரியாத ஆள் கத்தியோடு தலையைப் பிடிப்பதை அந்தக் குழந்தை எப்படி எடுத்துக்கொள்ளும்? முருகன் காத்திருப்பார்.

இன்னொன்று, கசப்பானது. போனில் யாராவது "கொஞ்சம் நிறமா கிடைக்கலையா" என்பார்கள். கட்டாயம் ஒருவராவது கேட்பார்கள். டர்பனிலும் நம்மவர்கள் கடையில் நின்று உற்றுப் பார்த்து "யார் பிள்ளை?" என்பார்கள். எங்கள் பிள்ளை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். போனில் கேட்டவர்களுக்கு அந்த மரியாதைகூட வேண்டாம், வைத்துவிடுங்கள்.

---

மிட்ராண்ட்_செந்தில் எழுதியது:

தெய்வானை அக்கா முக்கால்வாசி சொல்லிவிட்டார். நாங்கள் இங்கேயே குடியிருந்து இங்கேயே ஒரு மகளைத் தத்தெடுத்தவர்கள். எங்களுக்கு நேர்ந்ததிலிருந்து இரண்டு விஷயம்.

மருத்துவக் குறிப்பு. உங்கள் பையனைப் பற்றி எனக்குத் தெரியாது, இங்கே எழுதவும் வேண்டாம். பொதுவாகச் சொல்கிறேன். இந்நாட்டுக் குழந்தைகளின் கோப்பில் ஹெச்ஐவி என்ற எழுத்தைப் பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். என் மனைவி நர்ஸ், அவர் சொல்வது இது: தாய்க்கு இருந்தால் தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்திலும் வந்துவிடும். அவை பதினெட்டு மாதம் வரைகூட இருக்கலாம். அதனால் அந்த வயதுக்குள் எதிர்ப்பொருள் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் குழந்தைக்கு நோய் என்று அர்த்தமில்லை. பிசிஆர் சோதனைதான் வைரஸையே தேடும். கோப்பில் எந்தச் சோதனை, எந்த வயதில் என்று பாருங்கள், உங்கள் ஊர் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 'ரோட் டு ஹெல்த்' என்ற தடுப்பூசிப் புத்தகத்தின் அசல் பிரதியை இல்லத்தில் கேட்டு வாங்குங்கள். தோளில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு இருந்தால் பயப்படாதீர்கள், பிறந்ததும் எல்லாருக்கும் போடுவது. முடிவு எதுவானாலும் அது பையனின் சொந்த விஷயம். மாமியாருக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது பெயர். சிரிக்காதீர்கள், எங்களுக்கு இதில்தான் அதிக அலைச்சல். நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் இனிஷியல், அதுவே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். தத்து ஆணையில் குழந்தைக்கு உங்கள் குடும்பப் பெயர் போகும். உங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் வேறு வேறாக இருந்தால் எது வேண்டும் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்து சமூகப் பணியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். ஆணையின் வரைவு வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அங்கே ஒரு எழுத்து பிசகினால் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று கடைசி வரை அந்தப் பிசகு கூடவே வரும். பெற்றவள் வைத்த பெயரை எடுத்துவிடாதீர்கள், நடுப்பெயராகவாவது இருக்கட்டும்.

பின்னாளில் பையன், "என் ஊர்ல யாருமே என்னை எடுத்துக்கலையா?" என்று கேட்பான். எங்கள் மகள் உள்ளூரிலேயே வளர்ந்தும் இப்படித்தான் ஆரம்பித்தாள். வெளிநாட்டுக்குக் கொடுப்பதற்கு முன் குழந்தையின் பெயர் தேசியப் பதிவேட்டில் குறைந்தது 60 நாள் இருந்து, இங்கே பொருத்தமான பெற்றோர் கிடைக்கவில்லை என்றால்தான் சட்டம் அனுமதிக்கிறது. அந்தக் காகிதங்களின் நகலைப் பத்திரமாக வையுங்கள், ஒருநாள் அவன் படிப்பான்.

---

சாட்ஸ்வொர்த்_வாத்தியார் எழுதியது:

வணக்கம். தெய்வானை அம்மா சொன்னதில் எனக்கு ஒன்று ஒப்பவில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர். என் ஆயா, அதாவது பாட்டி, பாராக்ஸ் என்கிற அந்தத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் தாய் தகப்பனை இழந்து, பக்கத்து வரிசை வீட்டுக்காரர்கள் வளர்த்த பிள்ளை. காகிதமும் இல்லை, கோர்ட்டும் இல்லை. பத்து மடியில் வளர்ந்தவர் தொண்ணூறு வயது வரை நன்றாக இருந்தார். அந்தப் பையன் இல்லத்தில் கூட்டத்தோடு வளர்ந்தவன். திடீரென்று இரண்டு புது முகத்தோடு நாலு சுவருக்குள் வைத்தால் பயப்பட மாட்டானா? பாட்டி வரட்டுமே, நாத்தனார் பிள்ளைகள் வரட்டுமே.

---

வெஸ்ட்வில்_தெய்வானை எழுதியது:

வாத்தியார் ஐயா, உங்கள் ஆயாவை வளர்த்த பத்து மடியும் அடுத்த நாளும் அங்கேயே இருந்தன. இல்லத்தில் ஷிப்ட் மாறும், ஆள் மாறும். யார் கை நீட்டினாலும் போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பூங்காவில் முன்பின் தெரியாதவர் மடியில் ஏறி உட்காரும். பார்ப்பவர்கள் "எவ்வளவு சமர்த்து" என்பார்கள், எனக்கு வயிற்றைக் கலக்கும். இந்த இரண்டு பேர்தான் என் ஆட்கள் என்று அவனுக்குப் பதிய வேண்டுமானால், கொஞ்ச காலம் ஊட்டுவதும் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் அந்த இரண்டு பேர் மட்டுமே செய்ய வேண்டும். இது என் சொந்தச் சரக்கு இல்லை, வருகிற குடும்பங்களுக்கெல்லாம் அவர்கள் ஊர் ஆலோசகர்கள் சொல்லி அனுப்புவதும் இதுதான்.

ஆனால் பையன் பயப்படுவான் என்று நீங்கள் சொன்னது சரி. முதல் ராத்திரிகளில் நிசப்தம்தான் அவர்களுக்குப் பெரிய தொல்லை. அறைக் கதவைத் திறந்து வையுங்கள், மகளையும் அதே அறையில் படுக்க வையுங்கள்.

கயல், மாமியாரை ஜனவரிக்குத் தள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இங்கே விசா வேண்டும், அதைச் சொன்னாலே பாதி தள்ளிப்போகும். வந்தால் அடுப்படி அவருடையது, பிள்ளை உங்களுடையது. நாத்தனார் குடும்பம் வேறு இடத்தில் தங்கி, உங்கள் மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகட்டும், பெரிய உதவி அது.

---

எஸ்பூ_கயல் எழுதியது:

அக்கா, செந்தில் அண்ணா, வாத்தியார் ஐயா, மூவருக்கும் நன்றி. மலேரியா என்றதும் கணவர் க்ரூகர் வரிசையை அழித்துவிட்டார், நீங்கள் சொன்ன மாதிரியே! கேப் டவுன் இன்னும் ஷீட்டில் மஞ்சள் கலரில் நிற்கிறது. மாமியாரிடம் மொட்டையைப் பற்றிச் சொன்னதற்கு இரண்டு நாள் பேசவில்லை. நேற்று அவரே கூப்பிட்டு, "அப்ப பொங்கலாவது வைப்பீங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த ஊரில் பொங்கலுக்கு ஏதாவது செய்யலாமா? அப்புறம் மொட்டை இல்லையென்றால் தலைமுடியை எப்படிப் பார்த்துக்கொள்வது?

---

சாட்ஸ்வொர்த்_வாத்தியார் எழுதியது:

பொங்கல் தாராளமாக வையுங்கள். கோயிலுக்கு வர வேண்டாம், அன்றைக்குக் கூட்டம். வீட்டு முற்றத்திலேயே கேஸ் அடுப்பில் வைக்கலாம். மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் டர்பனில் நம்மவர்கள் அதிகம் இருக்கும் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் கிடைக்கும், நான் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன், பையனைத் தூக்க மாட்டேன் (தெய்வானை அம்மா கவனிக்க). தைப்பூசக் காவடி வரை நீங்கள் இருந்தால் தூரத்திலிருந்து பாருங்கள், மேளச் சத்தம் பெரிய பிள்ளைகளையே மிரட்டும்.

---

வெஸ்ட்வில்_தெய்வானை எழுதியது:

கவனித்தேன் ஐயா.

கயல், முடியைக் காய்ந்திருக்கும்போது சீப்பால் இழுக்காதீர்கள், உடையும், வலிக்கும். நனைத்து, கண்டிஷனர் போட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே வாருங்கள். நம் ஊர் மாதிரி தினமும் ஷாம்பு வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். தேங்காய் எண்ணெய் நன்றாகவே ஒத்துக்கொள்ளும், உடம்புக்கும் தடவுங்கள், பின்லாந்துக் குளிரில் தோல் சாம்பல் பூத்துவிடும். இல்லத்தில் யார் அவன் தலையைப் பார்க்கிறார்களோ அவரையே ஒருமுறை செய்து காட்டச் சொல்லி போனில் எடுத்து வையுங்கள். அவன் படுத்த போர்வையையும் கேளுங்கள், துவைக்காமல் வாங்குங்கள்.

கேப் டவுனை அழிக்கச் சொல்லுங்கள். கிரானி ஃபிளாட் டிசம்பர் 3 முதல் காலி, வேண்டுமென்றால் தனிமடல் அனுப்புங்கள். குளத்துக்கு வலை இருக்கிறது.